கரை ஒதுங்கிய பங்குனி ஆமையைச் சாட்சியாக்குவது எப்படி

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமைகள்) செத்து ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே அதை வழக்காக எடுத்தது. அத்தனை ஆமைகள் ஒன்றாகச் செத்தால் செய்தி வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஒதுங்கும் ஆமைகள் பெரும்பாலான ஊர்களில் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏறினாலும், ‘எங்கே செத்தது? எப்படிச் செத்தது? நேற்று எண்ணியதையே இன்றும் எண்ணினீர்களா?’ என்ற மூன்று கேள்விகளில் அந்தக் கணக்கு கரைந்துபோகும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய பதிவை எப்படி எடுப்பது, எடுத்த பதிவை எங்கே கொண்டுபோய் எதைக் கேட்பது என்பதை இங்கே எழுதியிருக்கிறோம்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். தமிழகக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருவது ஏறத்தாழ டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. பிப்ரவரி, மார்ச்சில் வரவு அதிகம். முட்டையிடும் பெண் ஆமை ஒருமுறை ஏறிவிட்டுப் போய்விடுவதில்லை. அடுத்த முறை ஏறும்வரை கரைக்கு அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இறால் தேடி விசைப்படகுகள் இழுவை மடி (படகு இழுத்துச் செல்லும் பை வலை) போடுவதும் அதே நீரில்தான். கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதோ ஏப்ரல் 15-இல், முடிவது ஜூன் 14-இல். அது மீன் இனப்பெருக்கத்துக்காக வகுத்த தடை. ஆமை அதிகம் சாகும் மாதங்களில் அது நடப்பிலேயே இல்லை. ‘அதான் தடைக்காலம் இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

அந்த மாதங்களில் ஆமைக்கு இருக்கும் காவல், தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் (1983) கீழுள்ள விதி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆமை கூடும் கரைகளிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் 5 கடல் மைல் 9.26 கிலோமீட்டர். ‘ஐந்து கிலோமீட்டர்’ என்று மனுவில் எழுதிவிட்டால் பாதிக் கடலை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். இந்தத் தவறு நிறைய மனுக்களில் இருக்கிறது.

உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

மடியில் வெகுநேரம் அகப்பட்ட ஆமை செத்ததுபோலவே கிடக்கும். கழுத்து தொங்கும், துடுப்பு அசையாது. மூச்சு முட்டி மயங்கிய நிலை அது. செத்துவிட்டது என்று நினைத்துக் கடலில் தள்ளினால் அப்போதுதான் உண்மையிலேயே மூழ்கிச் சாகும். படகில் இருப்பவர்களுக்குத்தான் இதை முதலில் சொல்லித்தர வேண்டும்.

கண்ணிமையின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள், வாலை லேசாகக் கிள்ளுங்கள். சிறு அசைவு தெரிந்தாலும் உயிர் இருக்கிறது. அசைவே இல்லாவிட்டாலும் உடனே கைவிடாதீர்கள். ஆமையை வயிறு தரையில் படும்படி வையுங்கள், மல்லாத்தாதீர்கள். பின்பக்கத்தின் அடியில் கயிற்றுச் சுருளோ டயரோ கொடுத்து, குறைந்தது 15 செ.மீ. உயர்த்துங்கள். பெரிய ஆமையானால் 30 செ.மீ. வரை போகலாம். நுரையீரலில் புகுந்த நீர் இறங்குவதற்காக இந்தச் சாய்வு. ஓட்டின் விளிம்பைப் பிடித்து ஒரு பக்கம் நான்கு விரல்கடை அளவு தூக்கி இறக்குங்கள், பிறகு மறுபக்கம். இடைவெளி விட்டு இதைத் திரும்பச் செய்யுங்கள். நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் உடம்பை மூடுங்கள். மூக்கை மட்டும் மூடாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணையும் வாலையும் தொட்டுப் பாருங்கள்.

தெளிய நான்கு மணி நேரமும் ஆகலாம், ஒரு முழு நாளும் ஆகலாம். 24 மணி நேரத்துக்குப் பிறகும் அசைவு இல்லையென்றால்தான் செத்ததாகக் கொள்ள வேண்டும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி உள்ளே போடுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, ஓட்டில் ஏறி மிதித்து நீரை வெளியேற்றப் பார்ப்பது எல்லாம் கொல்லும் காரியங்கள். தெளிந்து தலையைத் தூக்கி, தானாக நகரத் தொடங்கிய பிறகு படகின் எஞ்சினை நியூட்ரலில் வைத்து, சுற்றிலும் வலை இல்லாத இடத்தில், பின்பக்கமாக மெதுவாக இறக்குங்கள்.

கரையில் உயிரோடு கிடைத்தால் உங்கள் வேலை நிழல், ஈரச் சாக்கு, நாயை விரட்டுவது, வனத்துறைக்குத் தகவல் சொல்வது. இவ்வளவுதான். அலையில் தள்ளிவிட வேண்டும் என்று கூட்டம் துடிக்கும். கரைக்கு வந்து கிடக்கும் நோயாளி ஆமைக்கு நீந்தச் சக்தி இருக்காது.

செத்த ஆமையைப் பதிவு செய்தல்

ஐந்து வகைக் கடலாமைகளும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த உடலும் அரசின் சொத்து. ஓட்டையோ மண்டை ஓட்டையோ ‘ஆதாரத்துக்காக’ வீட்டுக்கு எடுத்துச் சென்றால் வழக்கு உங்கள் மீது வரும். அளப்பதற்கும் அடையாளம் இடுவதற்கும் வனச்சரக அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கி வையுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சால்மொனெல்லா கிருமி ஒட்டும். தொட முடியாத நிலையில் படமும் இடமும் நேரமும் மட்டுமே போதும், அதுவே பாதி ஆதாரம்.

படங்கள் குறைந்தது ஐந்து: மேலிருந்து முழு ஓடு, தலையின் பக்கவாட்டுத் தோற்றம், வால், காயம் இருந்தால் அதன் அருகாமைப் படம், பின்னணியில் அடையாளம் தெரியும்படி இடத்தின் படம். ஓட்டின் மேல் ஓர் அளவுகோலையோ 30 செ.மீ. ஸ்கேலையோ வைத்து எடுங்கள். மல்லாத்த முடிந்தால் வயிற்றுப் பக்கமும் ஒன்று. போன் கேமராவில் இருப்பிடப் பதிவை முதலிலேயே இயக்கி வைக்க வேண்டும். இங்கேதான் பலரது உழைப்பு வீணாகிறது: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் எண்ணும் நேரமும் நீங்கிவிடும். ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலில் இணையுங்கள். மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

அடுத்து, எந்த ஆமை என்பது. ஓட்டின் நடு வரிசைக்கு இருபுறமும் உள்ள பக்கத் தகடுகளை எண்ணுங்கள். பங்குனி ஆமைக்கு ஒரு பக்கம் ஐந்து முதல் ஒன்பது, பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல். இரு பக்கமும் எண்ணிக்கை வேறுபடுவதும் உண்டு. பேராமைக்கும் அழுங்காமைக்கும் நான்கு. அழுங்காமையின் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பெருந்தலை ஆமைக்கு ஐந்து. தகடே இல்லாமல் தோல் போர்த்தி நீளவாக்கில் வரிகள் ஓடினால் அது ஏழுவரி ஆமை. அது ஒதுங்குவது மிக அரிது, உடனே சொல்லுங்கள்.

அளவுக்குத் தையல்காரர் நாடா போதும். கழுத்தை ஒட்டிய முன்விளிம்பின் நடுவில் தொடங்கி, ஓட்டின் வளைவோடு படியவிட்டு, வால் பக்க விளிம்பில் முடியுங்கள். மேலே ஒட்டிய கொட்டலசுகளை (ஓட்டில் ஒட்டி வளரும் சிறு சிப்பி போன்ற உயிர்களை) நாடாவுக்கு வழிவிடும் அளவு தள்ளிக்கொள்ளுங்கள். வளர்ந்த பங்குனி ஆமை 60 செ.மீ.க்கு மேல் இருக்கும். வால் ஓட்டைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தால் ஆண், குட்டையாக இருந்தால் பெண். ஒதுங்கியவை எல்லாம் வளர்ந்தவை என்று உங்கள் ஏடு காட்டினால் அது பெரிய செய்தி. பல ஆண்டுகள் கடலில் தப்பிப் பிழைத்து முட்டையிடும் பருவத்துக்கு வந்தவை அவை. ஒரு பெண் ஆமை ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டையிடும். அதில் பெரியதாகி வருபவை மிகச் சொற்பம். அதனால் வளர்ந்த ஆமையின் சாவைக் குஞ்சுப் பொரிப்பகத்தின் எண்ணிக்கை ஈடுகட்டாது.

அழுகலின் நிலையையும் ஓர் எண்ணால் குறியுங்கள்: 1 புதியது, 2 ஓரளவு ஊதியது, 3 நன்றாக அழுகியது, 4 காய்ந்த தோலும் ஓடும், 5 எலும்பு மட்டும். இந்த எண் இல்லாமல் செத்த நாளை யாராலும் மதிப்பிட முடியாது. 1 என்றால் பிரேதப் பரிசோதனைக்கு உகந்தது. கால்நடை மருத்துவரை ஒரு நாளுக்குள் வரவழைக்கும்படி வனத்துறையைக் கேளுங்கள். 3-ஐ அறுத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது.

இரட்டை எண்ணிக்கையைத் தடுக்க ஓட்டில் ஸ்ப்ரே பெயிண்டால் ஒரு பட்டையும் வரிசை எண்ணும் போடுவது வழக்கம். அலை இழுத்துப் போய் மறுநாள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டாலும் எண் காட்டிக்கொடுக்கும். பக்கத்து ஊர்க்காரர்களுடன் நிறத்தையும் எண் வரிசையையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். புதைப்பது உயர் அலைக் கோட்டுக்கு மேலே, ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில். மேலோட்டமாகப் புதைத்தால் நாய் தோண்டும், அடுத்த நாள் யாரோ ஒருவர் புதுச் சடலம் என்று எண்ணுவார்.

காரணத்தை எழுதும்போது

‘விசைப்படகு கொன்றது’ என்று எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள். புடைத்து வெளித்தள்ளிய கண், வீங்கிய கழுத்து, மூக்கில் நுரை அல்லது இரத்தம், உடம்பில் வேறு காயம் இல்லாமை. இவை மூச்சு முட்டிச் செத்ததோடு பொருந்தும் அடையாளங்கள். இணையான, ஒரே இடைவெளியில் அமைந்த வெட்டுகள் படகின் காற்றாடியைச் சுட்டும். துடுப்பில் நேரான ஒரே வெட்டு, வலையிலிருந்து பிரித்தெடுக்க யாரோ அறுத்ததாக இருக்கலாம். கண்ணும் மென்மையான பகுதிகளும் இல்லாமலிருப்பது பெரும்பாலும் நண்டும் நாயும் பிறகு செய்தது. கழுத்திலோ துடுப்பிலோ வலைத்துண்டு சுற்றியிருந்தால் அதை வெட்டி எடுத்துக் கண்ணி அளவையும் நூல் வகையையும் குறித்துப் படம் எடுங்கள். செவுள்வலை, திருக்கை வலை, அறுந்துபோய்க் கடலில் மிதக்கும் வலை, இழுவை மடி எல்லாமே ஆமையைக் கொல்லக்கூடும். இதை நேர்மையாகப் பதிந்தால்தான் உங்கள் ஏட்டை எதிர்த்தரப்பும் மறுக்க முடியாது.

ஒதுங்கிய இடம் செத்த இடம் இல்லை என்பதையும் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். செத்த ஆமை முதலில் மூழ்கும். சில நாளில் உடம்பில் வாயு ஊறி மேலே வந்து நீரோட்டத்தோடு போகும். எல்லாம் கரை சேர்வதும் இல்லை, எண்ணியதைவிடச் செத்தது அதிகம். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் வெள்ளத்தை, அதாவது நீரோட்டத்தை, சென்னைப் பக்க மீனவர்கள் ‘வன்னி’ என்பார்கள், தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் ‘தெண்டி’. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி இருக்கும், பிப்ரவரி வாக்கில் திரும்பும். அன்றன்று காலையில் ஃபைபர் படகில் போய் வந்த ஒருவரிடம் வெள்ளம் எந்தப் பக்கம் என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி, படகுகள் எந்தத் திசையில் இழுத்தன என்று தேடுபவருக்கு வழிகாட்டும்.

எங்கே அனுப்புவது

கடிதத்தின் முதல் பிரதி வன உயிரினக் காப்பாளருக்கு, இரண்டாவது மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கு. இரண்டு துறைக்கும் ஒரே நாளில், ஒரே கடிதம், நகல் யாருக்கு என்று கீழே எழுதி. இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஆமை வனத்துறையுடையது, படகு மீன்வளத் துறையுடையது. வனத்துறைக்குக் கடலில் ரோந்து போகப் படகு குறைவு. மீன்வளத் துறைக்கு ஆமை தன் வேலை என்று தோன்றுவதில்லை. இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் ஆமைகள் சாகின்றன. 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுப்பதை நேரில் பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களுக்கு அப்போதே சொல்லுங்கள். படகின் பதிவு எண்ணில் நடுவில் ‘எம்எம்’ என்று இருந்தால் விசைப்படகு, ‘எம்ஓ’ என்றால் வெளிப்பொருத்து எஞ்சின் படகு. படகின் நிறம், எண், நேரம், நீங்கள் நின்ற இடம், பார்த்த திசை என ஐந்தும் வேண்டும். கரையிலிருந்து தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலும் தவறும். படகிலிருந்தே ஜிபிஎஸ் எண் எடுக்கும் மீனவர் ஒருவர் கூட இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று தட்டிவிடலாம். ஆவணத்தைக் கேளுங்கள்: ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை 5 கடல் மைலுக்குள் ரோந்து சென்ற நாட்களின் பதிவேட்டு நகல், விதிமீறியதாகப் பதிந்த படகுகளின் எண்ணிக்கை, விதித்த அபராதம், வசூலித்த தொகை, மடியில் புகுந்த ஆமையை வெளியேற்ற வழங்கிய ஆமை விலக்குக் கருவிகளின் எண்ணிக்கை, அவற்றைக் கடலில் வைத்துச் சோதித்த தேதிகள். பதில் திருப்தியில்லை என்றால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள். படகுகளில் பொருத்தியிருக்கும், இருப்பிடம் காட்டும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டரின் தனிப் படகுத் தடத்தைக் கேட்டால் மறுப்பு வர வாய்ப்புண்டு. 5 கடல் மைலுக்குள் காணப்பட்ட படகுகளின் மாதவாரி மொத்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.

வழக்கு என்று போனால் ஒரு குழி இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. அதை மட்டும் வைத்து மனுப் போட்டால் அதிகார வரம்பு இல்லை என்று முதல் நாளே முடியும். ஆமை முட்டையிடும் கரை, 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மிக நுட்பமான முதல் வகையில் வருகிறது. அந்த அறிவிக்கை சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழானது. பல்லுயிர்ச் சட்டமும் பட்டியலில் இருக்கிறது. அவற்றின்மேல் மனுவைக் கட்டுங்கள். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். வன உயிரினச் சட்டத்தின்படியே நிவாரணம் வேண்டுமென்றால் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம்தான்.

எதைக் கேட்பது

‘ஆமையைக் காப்பாற்றுங்கள்’ என்ற கோரிக்கைக்கு ‘ஆகட்டும்’ என்பதே பதிலாக வரும். இழுவை மடியில் ஆமை விலக்குக் கருவியைக் கட்டாயமாக்கிச் சோதனையிடுங்கள் என்று கேளுங்கள். ‘டெட்’ என்று படகுக்காரர்கள் சொல்லும் அந்தக் கருவி, மடியின் கடைசிப் பைக்கு முன்னால் பொருத்தும் கம்பிச் சட்டம். இறாலும் மீனும் கம்பி இடுக்கில் நுழைந்து பைக்குப் போகும். ஆமை கம்பியில் மோதி, மேலேயோ கீழேயோ உள்ள மடல் வழியாக வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியப் படகுகளுக்கென்று இதை வடிவமைத்திருக்கிறது.

சோதிக்கும்போது பார்க்க வேண்டியவை சில. அமெரிக்க அளவுகோலின்படி கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. வளைந்த கம்பி ஒன்றே போதும், இடைவெளி கூடிவிடும். சட்டத்தின் சாய்வு 30 முதல் 55 பாகைக்குள். 55-ஐத் தாண்டிச் செங்குத்தானால் நீரின் வேகம் ஆமையைக் கம்பியோடு அழுத்திப் பிடித்துவிடும். சாய்வு மிகக் குறைந்தால் பாடு, அதாவது பிடிபட்ட இறாலும் மீனும், மடல் வழியாகக் கழியும். வலை நெகிழ்ந்தால் சாய்வு தானே மாறும். மேல்திறப்புக் கருவியில் மிதவை உடைந்தால் சட்டம் தொய்ந்துவிடும். ‘டெட் போட்டால் இறால் போகிறது’ என்ற புகாரில் பாதி இந்த இரண்டு காரணத்தால் வருவது. மீதி, கம்பியில் மரக்கட்டையும் பிளாஸ்டிக்கும் அடைப்பதால் வருவது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் துடைக்கச் சொல்லுங்கள். மடலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். நைலான் நூலால் தைத்து மூடியிருப்பதே அடிக்கடி நடக்கும் ஏமாற்று.

படகு உரிமையாளர்களோடு பேசும்போது பழைய மனக்கசப்பையும் தெரிந்து வைத்திருங்கள். டெட் இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவும் மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998-இல் மேல்முறையீட்டு அமைப்பு, நோக்கம் சரி, நாடுகளுக்கிடையே பாரபட்சமாகப் பயன்படுத்தியதுதான் தவறு என்றது. அன்றிலிருந்து டெட் என்றால் வெளிநாட்டுக்காரன் திணித்தது என்ற பேச்சு போகவில்லை. பண்ணை இறாலுக்கு அந்தத் தடை பொருந்தாது, இந்தியாவிலிருந்து அங்கே போவதில் பெரும்பகுதி பண்ணை இறால்தான். ஆகவே ஏற்றுமதிக்காரர்களின் அழுத்தம் கடலுக்கு வந்து சேருவதில்லை. கடல் இறாலுக்குச் சந்தை திறக்க வேண்டுமென்றால் டெட் ஒரு வழி என்பது படகுக்காரருக்கே பயனுள்ள வாதம்.

இழுப்பு நேரமும் கேட்க வேண்டிய ஒன்று. டெட் இல்லாமல் அனுமதிக்கும் சில வலைகளுக்கு அமெரிக்காவில் பருவத்தைப் பொறுத்து 55 அல்லது 75 நிமிட வரம்பு இருக்கிறது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆமை பிழைப்பது வேகமாகக் குறைகிறது என்பதால் அந்த வரம்பு.

சிறு மீனவரை எதிரில் நிறுத்தாதீர்கள். கரையோரத்தில் விசைப்படகு இழுத்தால் முதலில் வலை அறுபடுவது ஃபைபர் படகுக்காரருக்குத்தான். 5 கடல் மைல் விதி அவருடைய கடலையும் காக்கிறது. ஆனால் முதல் அட்டவணை உயிரினம் என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை என்பது அவருக்கும் தெரியும். அதனால் செவுள்வலையில் தவறிச் சிக்கிய ஆமையை யாரிடமும் சொல்ல மாட்டார். மகாராஷ்டிரத்தில் பாதுகாக்கப்பட்ட கடல் உயிரை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு 25,000 ரூபாய் வரை ஈடு தரும் திட்டம் 2018 கடைசியிலிருந்து இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினால் போதும், வழக்கு இல்லை, வலைக்குப் பணம். இதே திட்டத்தை இங்கேயும் கேளுங்கள்.

கேட்க வேண்டிய மாதம் அக்டோபர். ஆமை ஒதுங்கிய பிறகு ஜனவரியில் கேட்டால் ரோந்துப் படகுக்கு டீசல் ஒதுக்கீடே முடிந்திருக்கும். கடந்த பருவத்தின் ஏடு, இடவாரிப் பட்டியல், தகவல் உரிமைப் பதில்கள் ஆகியவற்றோடு ஊர்ப் பஞ்சாயத்தார் இருவரை அழைத்துக்கொண்டு ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். எந்தத் துறை எந்த நாளில் எத்தனை படகு விட்டு ரோந்து போகும் என்பதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, அதன் நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.